ஏழாவது ஆள்: லாட்ரோப் முகாமில் சில நாட்கள்

நாள் 1, லாட்ரோப், 2024 ஆகஸ்ட்

பிட்ஸ்பர்க் விமான நிலையத்துக்குள் இரண்டு சிலைகள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்று ஜார்ஜ் வாஷிங்டன். மற்றது ஃபிராங்கோ ஹாரிஸ், 1972 டிசம்பர் 23 அன்று தரையில் விழப்போன பந்தைக் குனிந்து அள்ளிக்கொண்டு ஓடியவர், பிட்ஸ்பர்க்கின் அமெரிக்கக் கால்பந்து அணியான ஸ்டீலர்ஸின் வீரர். நாட்டின் முதல் ஜனாதிபதிக்குப் பக்கத்தில் ஒரு பந்தாட்டக்காரரை நிறுத்தியிருக்கும் ஊர் இது. நான் டல்லாஸிலிருந்து வந்து இறங்கினேன். அக்கா கொலம்பஸிலிருந்து மூன்று மணி நேரம் கார் ஓட்டி அவள் பையனைக் கொண்டுவந்து விட்டாள்.

அவனுக்குப் பதினாறு வயது. பள்ளி அணியில் டிஃபென்ஸ் லைனில் ஆடுகிறான். ஆடுகிறான் என்பதைவிட, மூன்றாவது வரிசையில் காத்திருக்கிறான் என்பதுதான் சரி. "மாமா, பெரிய ஸ்டார்களைப் பார்க்க எனக்கு ஆசையில்ல. கடைசி இடத்துக்குச் சண்டை போடறவங்களைப் பார்க்கணும்" என்று ஜூன் மாதமே சொல்லிவிட்டான். அதற்காகத்தான் இந்தப் பயணம்.

பிட்ஸ்பர்க்கிலிருந்து கிழக்கே ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓட்டினால் லாட்ரோப். சின்ன ஊர். 1904ல் ஒரு மருந்துக் கடையில் 'பனானா ஸ்ப்ளிட்' ஐஸ்கிரீம் பிறந்தது இங்கேதான் என்று ஊர்க்காரர்கள் பெருமையோடு சொல்கிறார்கள். கோல்ஃப் ஆட்டக்காரர் ஆர்னால்ட் பால்மர் பிறந்ததும் இங்கேதான். ஊரை ஒட்டிய செயின்ட் வின்சென்ட் கல்லூரியில் 1960களிலிருந்து ஸ்டீலர்ஸ் அணி கோடைக்கால முகாம் போட்டுவருகிறது. இப்போது பெரும்பாலான அணிகள் சொந்தப் பயிற்சி வளாகத்திலேயே முகாமை முடித்துக்கொள்கின்றன. ஸ்டீலர்ஸ் இன்னும் கல்லூரி விடுதி அறையில் வீரர்களைத் தங்கவைக்கிறது. வளாகத்தில் பெனடிக்டின் துறவிகளின் மடமும் இருக்கிறது. 1846ல் தொடங்கியது, அமெரிக்காவின் முதல் பெனடிக்டின் மடம். மைதானத்திலிருந்து நிமிர்ந்தால் தேவாலயக் கோபுரங்கள் தெரியும்.

மைதானத்தின் பெயர் சக் நோல் ஃபீல்ட். 1969ல் பயிற்சியாளராக வந்த நோல் டிராஃப்டில், அதாவது ஆண்டுதோறும் அணிகள் கல்லூரி வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சியில், முதலில் எடுத்தது ஒரு டிஃபென்ஸ் லைன்மேனை: ஜோ கிரீன். அதே ஆண்டு பத்தாவது சுற்றில் எல்.சி. கிரீன்வுட். 1971ல் நான்காவது சுற்றில் டுவைட் வைட், எட்டாவது சுற்றில் எர்னி ஹோம்ஸ். இந்த நால்வர்தான் 'ஸ்டீல் கர்ட்டன்', இரும்புத் திரை. 1976ல் கடைசி ஒன்பது ஆட்டங்களில் எதிரணிகள் எல்லாம் சேர்ந்து எடுத்த புள்ளிகள் வெறும் 28. இப்போது டிராஃப்ட் ஏழு சுற்றோடு முடிந்துவிடுகிறது. கிரீன்வுட்டையும் ஹோம்ஸையும் எடுத்த அந்தச் சுற்றுகளே இன்றைக்கு இல்லை. இந்த மைதானத்தின் ஓரத்தில் நின்றபோது அதுதான் மனதில் ஓடியது.

அனுமதி இலவசம், முன்கூட்டி ஃபோனில் டிக்கெட் எடுத்துவைத்தால் போதும். புல் சரிவில் துண்டு விரித்து உட்கார்ந்தோம். எல்லார் கண்ணும் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் பக்கம். நாங்கள் மட்டும் தூர மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அமெரிக்கக் கால்பந்து பழகாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். பந்து நகரும் அந்த நொடியில் இரண்டு பக்கமும் பெரிய உடம்புக்காரர்கள் முட்டிக்கொள்வார்கள். ஒரு பக்கம் பாதை போடுகிறவர்கள், மறுபக்கம் அடைக்கிறவர்கள். அடைக்கிறவர்கள்தான் டிஃபென்ஸ் லைன். ஒவ்வொருவரும் 130, 140 கிலோ. கபடியில் பாடி வருபவரைச் சங்கிலி போட்டுச் சுற்றி வளைக்கிறவர்களுக்குள் முதலில் காலைப் பிடிக்கிறவர் ஒருவர் இருப்பாரே, பிடி விடாமல் மண்ணில் கிடப்பாரே, அந்த வேலைதான் கிட்டத்தட்ட இது. கைதட்டு கடைசியில் மேலே விழுந்து அமுக்கியவருக்குப் போகும்.

முதல் அரை மணி நேரம் அவர்கள் ஸ்லெட்டை முட்டினார்கள். இரும்புச் சட்டத்தில் மெத்தை கட்டிய வண்டி அது. குனிந்து, கையைத் தரையில் ஊன்றி, சத்தம் கேட்டதும் பாய்ந்து இரண்டு உள்ளங்கையாலும் அடித்துத் தள்ள வேண்டும். "தாழ இருக்கிறவன்தான் ஜெயிப்பான் மாமா, எங்க கோச் தினமும் சொல்வார்" என்றான் பையன். உண்மைதான். தலை உயர்ந்தவர் உடனே பின்னுக்குப் போனார்.

நாள் 2, லாட்ரோப்

இன்று வெயில் கொஞ்சம் கடுமை. பெரிய உடம்புக்கு வெயில் சாதாரண விஷயம் இல்லை. 2001 ஆகஸ்டில் மின்னசோட்டா அணியின் கோரி ஸ்ட்ரிங்கர் முகாம் பயிற்சியில் வெப்பத் தாக்குதலால் இறந்துபோனார், 27 வயதில். இப்போது விதிகள் மாறியிருக்கின்றன. 2011 ஒப்பந்தத்துக்குப் பிறகு ஒரே நாளில் இரண்டு முறை முழுக் கவசத்தோடு மோதும் பழக்கம் போய்விட்டது. லைன்மேன்கள் ஹெல்மெட்டின் மேல் மெத்தென்ற இன்னொரு தொப்பியும் போட்டுக்கொள்கிறார்கள், மூளைக்கு விழும் அடி குறைவதற்காக. தூரத்திலிருந்து பார்க்கக் காளான் மாதிரி இருந்தாலும், அதைப் பார்க்கும்போது மனசுக்கு நிம்மதியாக இருக்கிறது.

பயிற்சியின் தொடக்கத்திலேயே அப்போதைய தலைமைப் பயிற்சியாளர் மைக் டாம்லின் 'செவன் ஷாட்ஸ்' வைத்தார். கோல் கோட்டுக்கு இரண்டு கஜம் முன்னால் பந்து, ஏழு வாய்ப்பு, நான்கு முறை ஜெயிக்கிற பக்கம் வெற்றி. சரிவில் இருந்த கூட்டம் ஒவ்வொன்றுக்கும் கத்தியது. அது முடிந்ததும் லைன்மேன்களின் ஒத்தைக்கு ஒத்தை பயிற்சி.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நானும் முதலில் ஏமாந்தேன். ஒத்தைக்கு ஒத்தையில் டிஃபென்ஸ் ஆள்தான் பெரும்பாலும் ஜெயிப்பார். சுற்றிலும் இடம் தாராளம், உதவிக்கு யாரும் இல்லை, ஓட்டம் வருமோ என்ற கவலையும் இல்லை. கையைச் சுழற்றிப் போட்டுத் தோளுக்கு மேலே நீந்துகிற மாதிரி நுழைந்தால் ஜனம் ஆர்ப்பரிக்கும், வீடியோ எடுக்கும். ஆனால் வேலையைத் தீர்மானிப்பது அது இல்லை. பதினொரு பேரும் சேர்ந்து ஆடும் பயிற்சியில், இரண்டு ஆட்கள் ஒரே நேரத்தில் வந்து இடிக்கும்போது நகராமல் நிற்கிறாரா என்பதுதான். அவர் நின்றால் பின்னால் இருக்கும் லைன்பேக்கரிடம் எந்த பிளாக்கரும் போக முடியாது. லைன்பேக்கர் ஓடிவந்து பந்துக்காரரை வீழ்த்துவார். கணக்கில் டாக்கிள், அதாவது வீழ்த்திய பெருமை, லைன்பேக்கர் பெயரில் ஏறும்.

ஆக, இந்த வேலையைச் சரியாகச் செய்தால் ஒருவர் கண்ணில் படமாட்டார். ஆனால் மூன்று வாரத்தில் கண்ணில் பட்டால்தான் வேலை கிடைக்கும். இதில் இருக்கும் கொடுமை இன்றுதான் எனக்கு முழுதாக உறைத்தது.

எத்தனை இடம் என்று பையன் விரல் விட்டு எண்ணினான். முகாமுக்கு 90 பேர், இறுதியில் 53. அதில் டிஃபென்ஸ் லைனுக்கு ஆறு அல்லது ஏழு. ஸ்டீலர்ஸ் ஆடும் முறையில் அடிப்படை அமைப்பே மூன்று லைன்மேன்கள்தான். இப்போதெல்லாம் பாஸ் அதிகம் என்பதால் பாதிக்கும் மேற்பட்ட நேரம் களத்தில் நிற்பது இரண்டே பேர். கேமரன் ஹேவர்ட், லாரி ஓகுன்ஜோபி, கீயானு பெண்டன், மாண்ட்ராவியஸ் ஆடம்ஸ் ஆகியோருக்கு இடம் உறுதி மாதிரிதான். அப்புறம் 2021ல் ஐந்தாவது சுற்றில் வந்த ஐசையா லவுடர்மில்க், 2022ல் மூன்றாவது சுற்றில் வந்த டிமார்வின் லீல், வேறு அணிகளில் ஆடி வந்த டீன் லோரி, இந்த ஆண்டு ஆறாவது சுற்றில் அயோவாவிலிருந்து வந்த லோகன் லீ. இவர்களுக்கும் பின்னால், டிராஃப்டில் பெயர் வராமல் கையெழுத்துப் போட்டு வந்தவர்கள். மிச்சம் இரண்டு, மூன்று நாற்காலிகள்.

அதிலும் ஏழாவது ஆளுக்குக் கிடைப்பது என்ன? ஆட்ட நாளில் 53 பேரும் உடை மாற்ற முடியாது. அதிகபட்சம் 48 பேர். வெளியே நிற்கும் ஐந்து பேரில் கடைசி லைன்மேன் அடிக்கடி இருப்பார். ஞாயிற்றுக்கிழமை சாதாரண உடையில் ஓரத்தில் நிற்பதற்கான இடத்துக்குத்தான் இவர்கள் இந்த வெயிலில் எலும்பு நோக முட்டிக்கொள்கிறார்கள். அது பெரிய விஷயம் இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 53க்குள் இருந்தால் புதியவருக்கு 2024ல் குறைந்தது 7,95,000 டாலர். வெளியே போய் ப்ராக்டிஸ் ஸ்குவாட் என்னும் பயிற்சிக் குழுவில் சேர்ந்தால் அந்த ஆண்டில் வாரத்துக்கு 12,500 டாலர், அதுவும் அந்தந்த வாரம் வைத்திருந்தால்தான்.

ஒருவரை நாங்கள் தேர்ந்தெடுத்துக்கொண்டோம். சட்டை எண் தொண்ணூறுகளில். பெயரை இங்கே எழுதவில்லை. அவர் வேலை தேடும் இளைஞர், நான் புல்லில் உட்கார்ந்து பார்க்கிறவன். பெயர் போட்டுத் தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒத்தைக்கு ஒத்தையில் மூன்று முறை தோற்றார். அப்புறம் குழுப் பயிற்சியில் இரண்டு பேர் சேர்ந்து இடிக்க வந்தபோது ஒரு முழங்காலை மடக்கித் தரையில் ஊன்றி, இருவருக்கும் நடுவில் தன்னைச் சொருகிக்கொண்டார். இரண்டு மலைகளும் அவர் மேலேயே சாய்ந்து நின்றன. ஓட்டம் அங்கேயே செத்தது. சரிவில் யாரும் கைதட்டவில்லை. பையன் மட்டும் எழுந்து நின்று தட்டினான்.

லைன்மேன்களின் பயிற்சியாளர் கார்ல் டன்பார் ஓடிவந்து அவர்கள் நடுவில் நின்று கையைக் கையால் தட்டி ஏதோ காட்டிக்கொடுத்தார். டன்பாரையும் 1990ல் எட்டாவது சுற்றில் இதே அணிதான் எடுத்தது. பிறகு அவர் ஆடிய ஆட்டங்கள் நியூ ஆர்லியன்ஸுக்கும் அரிசோனாவுக்கும். இந்தப் பையன்கள் நிற்கிற இடம் அவருக்குத் தெரியும்.

நாள் 3, பென் ஹில்ஸ்

நாளை ஆட்டம் என்பதால் இன்று முகாமில் பார்க்க ஒன்றும் இல்லை. திரும்பும் வழியில் பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரர் கோயிலுக்குப் போனோம். 1977ல் குடமுழுக்கு நடந்த கோயில், அமெரிக்காவில் மரபான முறையில் எழுந்த மிகப் பழைய கோயில்களில் ஒன்று. மலை மேல் வெள்ளைக் கோபுரம். என் தலைமுறைக்கு முந்தி இங்கே வந்த தமிழர்கள் எத்தனையோ மாநிலங்களிலிருந்து கார் ஓட்டி வந்திருக்கிறார்கள். என் அக்கா கல்யாணமான புதிதில் வந்தது இந்தக் கோயிலுக்குத்தான். கீழே உணவுக்கூடத்தில் புளியோதரையும் தயிர்சாதமும் சாப்பிட்டோம். பையன் இரண்டு தட்டு. எடை ஏற்ற வேண்டுமாம், அவன் கோச் சொல்லியிருக்கிறார்.

சாப்பிட்டுக்கொண்டே ஜான் ராண்டில் கதையை அவனுக்குச் சொன்னேன். 1990ல் டெக்சாஸில் ஒரு சின்னக் கல்லூரியிலிருந்து வந்தவர், யாரும் டிராஃப்ட் செய்யவில்லை, இந்த வேலைக்கு உடம்பு போதாது என்றார்கள். மின்னசோட்டா ஒரு வாய்ப்புக் கொடுத்தது. 137.5 சாக் (பந்தோடு நிற்கும் குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவது) எடுத்து, 2010ல் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போனார். ஸ்டீலர்ஸிலேயே பிரெட் கைசல் இருக்கிறார். 2002ல் ஏழாவது சுற்று, 242ஆவது ஆள். முதல் சில ஆண்டுகள் கிக்காஃப், பன்ட் மாதிரியான ஸ்பெஷல் டீம்ஸ் வேலை பார்த்துத்தான் இடத்தைத் தக்கவைத்துக்கொண்டார். பிறகு பல ஆண்டுகள் தொடக்க ஆட்டக்காரர், இரண்டு சூப்பர் பவுல் மோதிரங்கள்.

"அவங்க ஜெயிச்சதால கதை தெரியுது மாமா. ஜெயிக்காதவங்க கதை?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

நாள் 4, ஆகஸ்ட் 9, பிட்ஸ்பர்க்

மாலையில் அக்ரிஷர் ஸ்டேடியம். 2022 வரை ஹெய்ன்ஸ் ஃபீல்ட் என்று பெயர், வயதானவர்கள் இன்னும் அப்படியேதான் சொல்கிறார்கள். அல்லெகனியும் மனாங்கஹீலாவும் சேர்ந்து ஒஹையோ ஆறாகும் முனைக்கு எதிர்க்கரையில் இருக்கிறது. எதிரணி ஹூஸ்டன் டெக்ஸான்ஸ்.

சீசனுக்கு முந்தைய ஆட்டங்கள் 2021 முதல் மூன்றுதான், முன்பு நான்கு. கடைசி வரிசைக்காரர்களுக்கு அது கால்வாசி வாய்ப்பு பறிபோனது மாதிரி. மூத்தவர்கள் ஓரிரு தொடர் ஆடுவார்கள், சிலர் களத்திலேயே இறங்க மாட்டார்கள். இரண்டாம் பாதியில் கூட்டம் கலையத் தொடங்கும். நாங்கள் வந்தது அந்த இரண்டாம் பாதிக்காக.

நம்மவர் மூன்றாவது கால்பகுதியில் உள்ளே வந்தார். முதல் இரண்டு மோதலில் ஒன்றுமில்லை, அழுத்தி வெளியே தள்ளிவிட்டார்கள். ஃபீல்ட் கோல் தடுக்க நின்றபோதும் உள்ளே இருந்தார். இதையெல்லாம் யாரோ குறித்துக்கொண்டிருப்பார்கள். ஸ்பெஷல் டீம்ஸில் பயன்படும் லைன்மேனுக்கு ஒரு படி கூடுதல் மதிப்பு.

அப்புறம் ஒரு மூன்றாவது டவுன் (பத்து கஜம் கடக்கக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது), இரண்டு கஜம் தேவை. எல்லாருக்கும் தெரியும் ஓட்டம்தான் என்று. ஸ்நாப் ஆனதும், அதாவது பந்து நகர்ந்ததும், இடது பக்கத்திலிருந்து பாதை போடுகிற கார்டும் சென்டரும் சேர்ந்து அவர் மேல் விழுந்தார்கள். லாட்ரோப்பில் பார்த்த அதே முழங்கால். ஒரு கை புல்லில், மறு கை சென்டரின் மார்புக் கவசத்தைப் பிடித்திருந்தது. குவியல் அசையவில்லை. ஓடிவந்தவர் தன் ஆட்களின் முதுகிலேயே மோதி நின்றார், பின்னாலிருந்து லைன்பேக்கர் வந்து கீழே இழுத்தார். ஒலிபெருக்கியில் லைன்பேக்கரின் பெயர். அவர் எழுந்து துள்ளினார், சகாக்கள் ஹெல்மெட்டில் தட்டினார்கள். குவியலின் அடியிலிருந்து நம்மவர் கடைசியாக எழுந்தார்.

பையன் அதை ஃபோனில் எடுத்திருந்தான். அவன் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

டெக்ஸான்ஸ் 20, ஸ்டீலர்ஸ் 12. வெளியே வரும்போது கூட்டம் குவார்ட்டர்பேக் பற்றித்தான் பேசியது. அறைக்கு வந்து ஆட்டக் கணக்கைத் திறந்தோம். நம்மவர் பெயருக்கு எதிரே எதுவுமே இல்லை. உதவி டாக்கிள் பாதி கூட இல்லை. பையன் ரொம்ப நேரம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனிடம் சொன்னேன், பயிற்சியாளர்கள் இந்தத் தாளை வைத்து முடிவெடுப்பதில்லை, ஒவ்வொரு ஸ்நாப்பையும் வீடியோவில் நிறுத்தி நிறுத்திப் பார்த்து மதிப்பெண் போடுவார்கள் என்று. அது உண்மை. ஆனாலும் அவன் முகம் தெளியவில்லை. நல்ல மதிப்பெண் வாங்கினாலும் நாற்காலி இருந்தால்தானே. ஹேவர்டை வெளியே அனுப்பிவிட்டு யாருக்கும் இடம் தரப்போவதில்லை. டிராஃப்டில் விலை கொடுத்து வாங்கிய ஆளை அணி சீக்கிரம் கைவிடாது. லவுடர்மில்க்குக்காக அடுத்த ஆண்டின் நான்காவது சுற்று வாய்ப்பையே மியாமிக்குக் கொடுத்தார்கள். இதில் அநியாயம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டு பேர் ஒரே மாதிரி ஆடினால் யார் தங்குவார் என்பது பெரும்பாலும் ஏப்ரல் டிராஃப்டிலேயே எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் மறைக்க வேண்டாம்.

மறுநாள் காலையில் அக்கா வந்து அவனை அழைத்துப் போனாள். கார் கிளம்பும்போது, "அடுத்த வாரம் எங்க ப்ராக்டிஸ் ஆரம்பம் மாமா" என்றான்.

ஆகஸ்ட் 27, டல்லாஸ்

வீட்டுக்கு வந்து பதினேழு நாள் ஆகிவிட்டது. பஃபலோவிடம் 9-3, டெட்ராய்ட்டிடம் 24-14 என்று மிச்ச இரண்டு ஆட்டத்தையும் தொலைக்காட்சியில் பார்த்தேன். இன்று மாலை கிழக்கு நேரம் நான்கு மணிக்குள் எல்லா அணிகளும் 53க்கு இறங்க வேண்டும். முன்பெல்லாம் படிப்படியாகக் குறைப்பார்கள். 2023லிருந்து ஒரே நாள். முப்பத்திரண்டு அணிகளிலும் சேர்த்து ஒரே வாரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை போகிறது. கதவைத் தட்டிச் செய்தி சொல்ல வருகிற ஆளுக்கு 'டர்க்' என்று பெயர். பயிற்சியாளர் கூப்பிடுகிறார், பிளேபுக்கை எடுத்துக்கொண்டு வா என்பார். இந்தக் காலத்தில் பிளேபுக் என்றால் டேப்லெட்.

அலுவலகக் கூட்டத்தின் நடுவில் பட்டியல் வந்தது. டிஃபென்ஸ் லைனுக்கு ஏழு பேர்: ஹேவர்ட், ஓகுன்ஜோபி, பெண்டன், ஆடம்ஸ், லவுடர்மில்க், லோரி, லீல். நம்மவர் இல்லை.

நான்கு ஆண்டு அனுபவம் இல்லாதவர்கள் வேவர்ஸுக்குப் போவார்கள். மறுநாள் நண்பகல் வரை மற்ற 31 அணிகளும் அவர்களை எடுத்துக்கொள்ளலாம். யாரும் எடுக்காவிட்டால் 16 பேர் கொண்ட பயிற்சிக் குழுவுக்கு எங்கிருந்தாவது ஒரு அழைப்பு வரலாம். வராமலும் போகலாம். இன்று இரவு அவர் எங்கோ ஓட்டல் அறையில் ஃபோனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்திருப்பார் என்று நினைக்கும்போது மனசு கனக்கிறது.

இரவு ஒன்பது மணிக்குப் பையனிடமிருந்து வாட்ஸ்அப். பயிற்சி முடிந்த பிறகும் அரை மணி நேரம் ஸ்லெட் முட்டினானாம். அதற்குக் கீழே அந்த மூன்றாவது டவுன் வீடியோ, வேகத்தைக் குறைத்து அனுப்பியிருந்தான். ஓரத்தில் சிவப்பு வட்டம் போட்டு ஒரு முழங்காலைக் காட்டியிருந்தான்.

"மாமா, கால் எவ்வளவு சீக்கிரம் கீழ போகுது பாருங்க. கார்டு இன்னும் தொடவே இல்ல."

நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஆமாம், அவன் சொன்னது சரிதான். கார்டின் கை வந்து சேர்வதற்கு முன்பே முழங்கால் புல்லில் இருந்தது.